பழைய டெக், செட்டாப் பாக்ஸ், புதிய டிவி: வீட்டில் இணைப்பது எப்படி?

எங்கள் வீடு போடிநாயக்கனூரில் இருக்கிறது. வேலை காரணமாக நான் சென்னையில் இருக்கிறேன். சென்ற பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, பீரோவின் அடித்தட்டிலிருந்து அம்மா இரண்டு வீடியோ கேசட்டுகளை எடுத்து என் கையில் கொடுத்தார். 1995 ஆவணியில் நடந்த அவர்கள் கல்யாணத்தின் கேசட்டுகள்.

"ஏய்யா, கம்ப்யூட்டர் வேலை பாக்குற, இதை ஓட்டிக் காட்ட முடியாதா? அப்பத்தா பேசுறது இதுல மட்டுந்தான் இருக்கு" என்றார்.

அப்பத்தா இறந்தது 2004-ல். அப்போது எனக்கு ஏழு வயது. போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. குரல்தான் வேறெங்கும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றி வாங்கியிருந்தார்கள். வாங்கி வந்த அன்று முதல் பத்து நிமிடம் பார்த்துவிட்டு டிஸ்க்கை எடுத்து வைத்துவிட்டார்கள். பிறகு ஒரு நாள் முழுதாகப் போட்டபோதுதான், இருபது நிமிடத்துக்குப் பின் அதில் ஒன்றுமே இல்லை என்பது தெரிந்தது.

எங்களிடம் டெக் இல்லை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறை வழியில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் மாமா வீட்டில் ஒன்று இருந்தது. "பத்து வருசமா பரண்ல கெடக்கு மாப்ள. ஓடுமா ஓடாதான்னு எனக்குத் தெரியாது. எடுத்துட்டுப் போ" என்று ஜீப்பில் ஏற்றிவிட்டார். அதைக் கொண்டு வந்து எங்கள் வீட்டு எல்.இ.டி. டிவியில் இணைக்க எனக்கு முழுதாக இரண்டு நாள் ஆனது. இன்ஜினியரிங் படித்தவன் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேசட் இருக்கலாம். நான் செய்த தவறுகளை நீங்கள் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

டிவியின் பின்புறத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் நம் வீடுகளில் படம் கொண்டு வரும் ஒயர்கள் மூன்றே வகைதான்.

முதலாவது, கேபிள்காரர் தெருவிலிருந்து இழுத்து வரும் கருப்பு அல்லது வெள்ளை நிறத் தடித்த ஒயர். இதனைக் கோஆக்சியல் கேபிள் என்பார்கள். இதில் பல சேனல்கள் ஒவ்வொன்றும் தனித்தனி அலைவரிசையில் ஒன்றாகப் பயணிக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பிரித்தெடுக்க ட்யூனர் தேவை. இந்த ஒயரின் முனையில் இரண்டு வகை உண்டு. திருகி மாட்டுவது செட்டாப் பாக்ஸுக்கு. அழுத்திச் செருகுவது பழைய டிவிக்கும் டெக்குக்கும். ஒன்றை மற்றதாக மாற்றும் சிறிய பின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும்.

இரண்டாவது, மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட மூன்று கலர் ஒயர். மஞ்சளில் படம் மட்டும் போகும். வெள்ளையில் இடது ஒலி, சிவப்பில் வலது ஒலி. இதில் ஒரு நேரத்தில் ஒரே நிகழ்ச்சிதான் போகும். ட்யூனர் தேவையில்லை.

மூன்றாவது, எச்.டி.எம்.ஐ. படமும் ஒலியும் டிஜிட்டலாக ஒரே ஒயரில் போகும். டெக்கில் இது இருக்காது.

இனி ஒரே விதி. "அவுட்" என்று எழுதிய இடத்திலிருந்து புறப்படும் ஒயர் "இன்" என்று எழுதிய இடத்தில் போய்ச் சேர வேண்டும். எவ்வளவு கருவிகள் இருந்தாலும் இதுதான் கணக்கு. படம் வரவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு முறை, இரண்டு முனைகளும் அவுட்டில் இருக்கும் அல்லது இரண்டும் இன்னில் இருக்கும்.

அன்றைக்கு எப்படி இருந்தது?

வி.எச்.எஸ். கேசட் ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனத்திலிருந்து 1976-ல் வந்தது. நம் ஊரில் தூர்தர்ஷன் சென்னை நிலையம் தொடங்கியது 1975-ல். இந்தியாவுக்கு வண்ண ஒளிபரப்பு வந்தது 1982-ல். அதன் பிறகு கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்ட காலத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள்.

அப்போது இணைப்பது எளிது. ஆன்டனா அல்லது கேபிள் ஒயர் முதலில் டெக்கின் "ஆர்.எஃப். இன்" துளைக்குப் போகும். டெக்கின் "ஆர்.எஃப். அவுட்" துளையிலிருந்து இன்னொரு ஒயர் டிவியின் ஆன்டனா துளைக்குப் போகும். டெக் அணைந்திருந்தாலும் சேனல்கள் அதன் வழியாகத் தாண்டி டிவிக்கு வந்துவிடும். கேசட் போட்டால், டெக் தானே ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம் மாதிரி தன் படத்தை ஒரு சேனலில் ஏற்றி அனுப்பும். பல மாடல்களில் அது யு.எச்.எஃப். 36-ஆம் சேனலை ஒட்டி இருக்கும். சில மாடல்களில் 3 அல்லது 4. டிவியில் அந்தச் சேனலைத் தேடி ஒரு பட்டனில் பதிந்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது. டெக்கிலும் ட்யூனர், டிவியிலும் ட்யூனர். அதனால் ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே வேறொரு சேனலைப் பதிவு செய்ய முடிந்தது.

தமிழ்நாட்டு வீடுகளில் டிவி பெருகியதில் 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல டிவிகள் கொடுக்கப்பட்டன. எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கேசட் பார்ப்பதற்கு உண்மையில் இந்தப் பழைய டிவிதான் சிறந்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

செட்டாப் பாக்ஸ் வந்தபின் மாறியது என்ன?

கேபிளை டிஜிட்டலாக்கும் சட்டத் திருத்தம் 2011-ல் வந்தது. பெருநகரங்களில் 2012-ல் தொடங்கி, நம்மைப் போன்ற சிறு ஊர்களுக்கும் கிராமங்களுக்குமான நான்காம் கட்டத்தின் கெடு 2017 மார்ச் வரை நீண்டது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் 2017 ஏப்ரலில் கிடைத்தது. அந்த ஆண்டே இலவசச் செட்டாப் பாக்ஸ்கள் வழங்கத் தொடங்கினார்கள்.

ஒயர் அதே ஒயர்தான். ஆனால் அதற்குள் வருவது பூட்டுப் போட்ட டிஜிட்டல் சிக்னல். பூட்டைத் திறக்கும் சாவி செட்டாப் பாக்ஸில் மட்டும்தான் இருக்கிறது. எனவே தெரு ஒயரை டெக்கில் நேராகச் செருகினால் டெக்கின் ட்யூனருக்கு ஒன்றும் புரியாது. வெறும் புள்ளிதான் வரும். டெக் பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பழைய இரும்புக்குப் போட்டவர்கள் உண்டு. பழுது ஒன்றும் இல்லை. ட்யூனருக்கு வேலை இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

அதே போல, பாக்ஸ் ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் திறந்து கொடுக்கும். ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றொன்றைப் பதிவு செய்வது இந்த இணைப்பில் முடியாது. பாக்ஸில் பென் டிரைவ் செருகிப் பதிவு செய்யும் வசதி இருந்தாலும், கட்டணச் சேனல்களின் பதிவுகள் பெரும்பாலும் அந்தப் பாக்ஸில் மட்டுமே ஓடும். வேறு பாக்ஸிலோ கம்ப்யூட்டரிலோ திறக்காது.

இணைக்கலாம் வாருங்கள்

தொடங்கும் முன் மூன்று கருவிகளின் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். ஸ்விட்சை அணைப்பது போதாது. இரண்டு பின் பிளக் கொண்ட கருவிகளின் உலோகப் பகுதியில் சிறிய கசிவு மின்சாரம் இருக்கும். ஒரு கையில் கேபிள் ஒயர், மறு கையில் டிவி என்று பிடித்தால் "சுர்" என்று இழுக்கும். ஆளைக் கொல்லாது, ஆனால் ஏ.வி. துளையின் உள்ளே இருக்கும் ஐ.சி.யைக் கொன்றுவிடும். பழைய பிக்சர் டியூப் டிவியின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதனுள் உயர் அழுத்த மின்சாரம் தங்கியிருக்கும்.

டெக்கில் கேசட் பார்த்தால் போதும், டிவி நிகழ்ச்சி எதையும் பதிவு செய்ய வேண்டாம் என்பவர்கள் மூன்றையும் தொடராக இணைக்கத் தேவையில்லை. தெரு ஒயர் செட்டாப் பாக்ஸுக்கு. பாக்ஸிலிருந்து எச்.டி.எம்.ஐ. ஒயர் டிவிக்கு. டெக்கின் "ஏ.வி. அவுட்" துளைகளிலிருந்து மூன்று கலர் ஒயர் டிவியின் "ஏ.வி. இன்" துளைகளுக்கு. ரிமோட்டில் "சோர்ஸ்" அல்லது "இன்புட்" பட்டனை அழுத்தி, எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான வீடுகளுக்கு நான் சிபாரிசு செய்வது இதுதான். டெக்கில் ஒலிக்கு வெள்ளைத் துளை மட்டும் இருந்தால் அது மோனோ டெக். சிவப்பு முனை தொங்கிக்கொண்டிருக்கட்டும்.

டிவியில் ஒரே ஒரு ஏ.வி. துளை இருந்தால், அல்லது சேனலைக் கேசட்டில் பதிய ஆசை இருந்தால், தொடர் இணைப்பு தர வேண்டும். செட்டாப் பாக்ஸின் ஏ.வி. அவுட்டிலிருந்து டெக்கின் ஏ.வி. இன், டெக்கின் ஏ.வி. அவுட்டிலிருந்து டிவியின் ஏ.வி. இன். டெக்கில் சேனல் எண்ணைக் குறைத்துக்கொண்டே போனால் 1-க்குக் கீழே "ஏ.வி." அல்லது "எல்1" அல்லது "0" என்று வரும். அதில் நிறுத்தினால்தான் பாக்ஸின் படம் டெக்குக்குள் வரும். பாக்ஸில் சேனல் பார்க்க வேண்டுமானாலும் டெக் ஆனில் இருக்க வேண்டும் என்பது இதில் உள்ள தொல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊரில் பலர் வாங்கியது விசிஆர் அல்ல, விசிபி. அதாவது ஓட்ட மட்டும் தெரிந்த டெக். முன்புறம் சிவப்புப் புள்ளியுடன் "ரெக்" பட்டன் இல்லாவிட்டால் அது விசிபி. பின்புறம் ஏ.வி. இன் துளைகளும் இருக்காது. தொடர் இணைப்பு தர முடியாது. ஒரு ஏ.வி. துளை மட்டும் உள்ள டிவிக்கு, மூன்று கருவிகளைச் செருகிப் பட்டனால் மாற்றும் ஏ.வி. செலக்டர் வாங்கிக்கொள்ளுங்கள். விலை குறைவுதான்.

மஞ்சள் துளை எங்கே?

என்னுடைய முதல் நாள் இதில்தான் போனது. எங்கள் டிவியின் பின்புறம் மஞ்சள் துளையே இல்லை. பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று, அருகில் வெள்ளை, சிவப்பு என்று இரண்டு. மஞ்சளுக்கு இடமில்லை என்று முடிவு செய்து, தேனிக்குப் போய் ஒரு கன்வெர்ட்டர் வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து மாட்டினால் படம் வரவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தால், நான் வாங்கியது எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு மாற்றுவது. எனக்குத் தேவைப்பட்டதோ ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. கடையில் கேட்கும்போது "டெக்கை டிவியில் போட வேண்டும்" என்று வாயால் சொல்லி வாங்குங்கள்.

பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், பச்சைத் துளையைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம். பல எல்.இ.டி. டிவிகளில் பச்சைத் துளையே மஞ்சளுக்கும் பொதுவானது. மஞ்சள் முனையைப் பச்சையில் செருகி, சோர்ஸில் "ஏ.வி." தேர்ந்தெடுக்க வேண்டும். "காம்போனென்ட்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் படம் கருப்பு வெள்ளையில் வரும், அல்லது வராது. கன்வெர்ட்டருக்குச் செலவழித்த பணத்தைப் பற்றி அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்னும் புதிய டிவிகளிலும் பல செட்டாப் பாக்ஸ்களிலும் மூன்று துளைக்குப் பதில் ஹெட்போன் துளை போல ஒன்றே ஒன்று இருக்கும். இதற்குரிய ஒயரில் ஒரு முனை மூன்று வளையம் போட்ட 3.5 மில்லிமீட்டர் பின். மறு முனை மூன்று கலர். எல்லா நிறுவனமும் இதை ஒரே மாதிரி அமைக்கவில்லை. தவறான ஒயர் என்றால் ஸ்பீக்கரில் "ர்ர்ர்" என்ற இரைச்சல் வரும், படம் வராது. அந்த இரைச்சல் ஒலித் துளையில் நுழைந்துவிட்ட படம்தான். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளை இடம் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். எந்த வரிசையிலும் சரியாகாவிட்டால் கிரவுண்ட் மாறியிருக்கிறது என்று பொருள். வேறு ஒயர்தான் வாங்க வேண்டும்.

மலையிலிருந்து இறக்கிய டெக்கை உடனே போடாதீர்கள்

போடிமெட்டுக்கும் போடிக்கும் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். 17 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் குளிர் போய் வெக்கை வந்துவிடும். மேலே குளிர்ந்து கிடந்த டெக் கீழே வந்ததும், ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பது போல அதன் உள்ளே இருக்கும் உலோக உருளையும் வியர்க்கும். அந்த உருளைதான் ஹெட் டிரம். நம் பால் முறை டெக்கில் அது நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது. ஈரமான டிரம்மில் டேப் ஒட்டிக்கொண்டால் அரை நொடியில் கசங்கிவிடும். நல்ல டெக்குகளில் ஈரத்தை உணர்ந்து ஓட மறுக்கும் சென்சார் உண்டு. மலிவு மாடல்களில் அதை நம்ப முடியாது. குறைந்தது இரண்டு மணி நேரம் திறந்த அறையில் வைத்துவிட்டுப் பிறகு கரண்ட் கொடுங்கள். நான் ஒரு இரவு முழுக்க வைத்தேன்.

அடுத்து, முக்கியமான கேசட்டை முதலில் போடக் கூடாது. ஏதாவது ஒரு பழைய சினிமாக் கேசட்டைப் போட்டு, ஓட்டி, முன்னும் பின்னும் சுற்றி, வெளியே எடுத்துப் பாருங்கள். டேப்பில் கோடோ மடிப்போ விழுந்திருந்தால் அந்த டெக்கில் கல்யாணக் கேசட்டைப் போட வேண்டாம். ரப்பர் பெல்ட்டும் உருளைகளும் பத்து வருடத்தில் கெட்டிப்பட்டுப் போகும். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் விசிஆர் தயாரிப்பை நிறுத்திய பிறகு புது டெக்குக்கு வழியில்லை. பெல்ட் மாற்றத் தெரிந்த பழைய ரேடியோ மெக்கானிக்குகள் சிற்றூர்களில் இன்னும் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

மாமாவின் டெக்கில் படம் முழுக்கப் புள்ளி. ஹெட்டில் அழுக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் வழவழப்பான வெள்ளைத் தாளை நனைத்து, டிரம்மின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மை மட்டும் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். பஞ்சு வைத்த குச்சி வேண்டவே வேண்டாம், நூல் மாட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்தபின் போட்டேன். ஒரு பழைய சினிமாக் கேசட்டில் கதாநாயகன் தெளிவாக வந்து நின்றபோது அம்மா கை தட்டினார். படத்தின் நடுவே கோடு ஓடினால் டெக்கின் "டிராக்கிங்" பட்டனால் சரி செய்யலாம். படத்தின் அடி விளிம்பில் சிறு நெளிவு எப்போதும் இருக்கும். அது பழுதல்ல.

பழைய டிவி நல்லது என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். பழைய கேசட்டின் சிக்னல் நிலையாக இருக்காது. பிக்சர் டியூப் டிவி கொஞ்சம் நெளிந்தாலும் படத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். எல்.இ.டி. டிவி சிக்னல் சற்றுத் தடுமாறினாலே "நோ சிக்னல்" என்று நீலத் திரை போட்டுவிடும். மெனுவில் "ப்ளூ ஸ்கிரீன்" என்று இருந்தால் அதனை ஆஃப் செய்திடுங்கள். படம் அகலமாக இழுபட்டுத் தெரிந்தால் 4:3 என்பதைத் தேர்ந்தெடுங்கள். கல்யாணப் பெண் தன்னைவிடக் குண்டாகத் தெரிவதை எந்த அம்மாவும் மன்னிப்பதில்லை.

வெள்ளைப் பூஞ்சை

கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக டேப் சுருளைப் பாருங்கள். கருப்பாக, வழவழப்பாக இருக்க வேண்டும். வெள்ளைத் தூசு போலவோ கோலப்பொடி சிந்தியது போலவோ இருந்தால் அது பூஞ்சை. மலைச் சரிவு வீடுகளில் ஆறு மாதம் ஈரம்தான். ஏலக்காயையே ஸ்டோரில் வைத்து உலர்த்த வேண்டிய ஊரில் கேசட் எப்படித் தப்பும்? பூஞ்சை பிடித்த கேசட்டை டெக்கில் போட்டால் ஹெட் அடைபடும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் அது பரவும்.

எங்கள் இரண்டு கேசட்டில் முதலாவது சுத்தமாக இருந்தது. இரண்டாவதில் ஓரம் முழுக்க வெள்ளை. அதை ஓட்டவில்லை.

கம்ப்யூட்டரில் ஏற்றுவது

பழைய கேசட் எத்தனை முறை ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் "முதலில் பார்ப்போம், பிறகு காப்பி எடுப்போம்" என்று இருக்காதீர்கள். முதல் ஓட்டமே பதிவாக இருக்கட்டும்.

தேவையானது ஒரு யு.எஸ்.பி. வீடியோ கேப்சர் கருவி. டெக்கின் மூன்று கலர் ஒயரை டிவிக்குப் பதில் இதில் செருகி, இதனை லேப்டாப்பில் செருக வேண்டும். சாஃப்ட்வேருக்கு இலவசமாகக் கிடைக்கும் ஓ.பி.எஸ். ஸ்டூடியோ போதும். அதில் "வீடியோ கேப்சர் டிவைஸ்" சேர்த்து, வீடியோ ஸ்டாண்டர்ட் என்ற இடத்தில் "பால் பி" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பலரும் தடுக்கி விழும் இடம் இது. பல கருவிகள் அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையில்தான் தொடக்கத்தில் இருக்கும். நம் பால் முறை 625 கோடு, நொடிக்கு 25 படம். அவர்களுடையது 525 கோடு, ஏறத்தாழ 30 படம். மாற்றாவிட்டால் படம் உருளும் அல்லது கருப்பு வெள்ளையாகும். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட்டுக்கு மட்டும் இரண்டு முறையும் ஓட்டும் டெக் வேண்டும். வளைகுடாவிலிருந்து வந்தவை பெரும்பாலும் நம் முறைதான்.

ரெசல்யூஷன் 720 பெருக்கல் 576. டீஇன்டர்லேஸ் பகுதியில் "யாடிஃப் 2 எக்ஸ்" தேர்ந்தெடுத்து, பதிவை நொடிக்கு 50 படம் என்று வைத்தால் அசைவுகளில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரியாது. ஒலி தனிக் கருவியாகத் தெரியும். அதையும் சேர்க்க வேண்டும். பிட்ரேட் 6,000 என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 2.7 ஜி.பி. அளவில் ஃபைல் வரும். மூன்று மணி நேரக் கேசட் ஏற மூன்று மணி நேரம் ஆகும். வேகமாக எடுக்க வழியில்லை. லேப்டாப் தூங்கிவிடாதபடி ஸ்லீப்பை அணைத்து வையுங்கள். இரண்டு நிமிடம் சோதனைப் பதிவு செய்து, ஹெட்போனில் ஒலியைக் கேட்ட பிறகே முழுப் பதிவைத் தொடங்குங்கள்.

எனக்கு ஒலியில் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் விடாமல் வந்தது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றினேன், குறைந்தது, போகவில்லை. டெக்கிலிருந்து டிவிக்குப் போன ஒயரைக் கழற்றியதும் முற்றிலும் போய்விட்டது. தெருக் கேபிள், பாக்ஸ், டிவி, டெக், லேப்டாப் என்று எல்லாம் ஒரே வளையமாக இணைந்திருந்ததுதான் காரணம். பதிவு செய்யும்போது டெக்கும் லேப்டாப்பும் மட்டும் இருக்கட்டும்.

நடுவில் கரண்ட் போனால் பதற வேண்டாம். டேப் டிரம்மைச் சுற்றிய நிலையில் நிற்கும். கையால் இழுக்காதீர்கள். கரண்ட் வந்ததும் டெக் தானே அவிழ்த்துக்கொள்ளும். சித்திரையிலும் ஐப்பசியிலும் மேற்கே மேகம் இருட்டினால் அன்றைக்கு இந்த வேலையே வேண்டாம். இடி மின்னல் நேரத்தில் பவர் பிளக்கை மட்டும் கழற்றுபவர்கள் அதிகம். கேபிள் ஒயர் வழியாகவும், டி.டி.எச். டிஷ் ஒயர் வழியாகவும் மின்னல் உள்ளே வரும். அதையும் திருகிக் கழற்றி, டிவியை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

முதல் கேசட்டில் என்ன இருந்தது?

அந்தக் காலத்துக் கல்யாணக் கேசட் எடுத்தவர்கள், இதய வடிவில் மணமக்களை வைத்து, அடியில் சினிமாப் பாட்டு ஒன்றைச் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். எங்கள் கேசட்டும் அப்படியே. மாப்பிள்ளை அழைப்பு, தாலி கட்டு, எல்லாவற்றுக்கும் பாட்டு. யார் என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பத்தா மூன்று இடத்தில் வந்தார். மூன்றிலும் வாய் மட்டும் அசைந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மணி நேரம் கடந்து, பந்திக் காட்சி. எடிட் செய்தவருக்கு அதற்குள் பாட்டு தீர்ந்துபோயிருக்க வேண்டும். வெறும் சத்தம் அப்படியே விட்டிருந்தார். பாத்திரச் சத்தம், குழந்தை அழுகை. அப்பத்தா கேமராவைப் பார்த்து, "ஏப்பா படம் புடிக்கிறவரே, நீங்க சாப்ட்டீங்களா? வந்து உக்காருங்க, பெறகு புடிக்கலாம்" என்றார். மொத்தம் பதினோரு நொடி. அப்பா எழுந்து வந்து, "அதை இன்னொரு தடவ போடு" என்றார். கேசட்டைப் பின்னால் சுற்றவில்லை. பதிவு முடிந்த பிறகு ஃபைலிலிருந்து போட்டுக் காட்டினேன்.

அந்த ஃபைல் இப்போது லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, தங்கை வீட்டில் ஒன்று என மூன்று இடத்தில் இருக்கிறது.

இரண்டாவது கேசட், மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு சென்னையில் என் அலமாரியில் இருக்கிறது. நன்றாக உலர்ந்தால் பூஞ்சை தூளாகும். பிறகு முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, கேசட்டின் ஐந்து ஸ்க்ரூக்களைக் கழற்றி, டேப்பை மென்துணியில் துடைத்துக்கொண்டே சுற்றி, வேறு நல்ல கேசட் கூட்டுக்குள் மாற்ற வேண்டும். இதற்கென்றே ஒரு பழைய விசிபி தேடிக்கொண்டிருக்கிறேன். ஹெட் போனாலும் பரவாயில்லை என்று விடக்கூடிய ஒன்று. மாமாவின் டெக்கை அதற்குப் பயன்படுத்த மனம் வரவில்லை.